இருவாச்சியின் கண்

இஞ்சாத் எதையும் சும்மா நம்புகிற ஆள் கிடையாது. உப்பு மூட்டை வந்து இறங்கினால் மேலே இருக்கிற உப்பைத் தொடமாட்டார். அடிமட்டம் வரை கையை விட்டு அங்கிருந்து எடுத்து நக்கிப் பார்ப்பார். படகில் ஏறுவதற்கு முன்னால் பலகையை இரண்டு மிதி மிதித்துப் பார்ப்பார். அந்தப் படகைச் செய்ததே அவர்தான் என்றாலும் மிதிப்பார். கோயிலில் பாதிரியார் கண்ணை மூடி ஜெபிக்கும்போது ஊரே கண்ணை மூடும். இஞ்சாத் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து வைத்திருப்பார். அந்த நேரத்தில் எவன் என்ன செய்கிறான் என்று யாராவது பார்க்க வேண்டாமா?

ஆற்றங்கரை ஊரான தும்பாங் சாரோவில் மண்டாவ் வாள் அடிக்கிறவர் அவர் ஒருத்தர்தான். அரை நாள் படகுப் பயணத்தில், ஆற்றோட்டத்தின் கீழ்ப்பக்கம், தும்பாங் லேகோவில் இன்னொருத்தர் உண்டு. பெயர் தெஹென். இரண்டு பேருக்கும் இருபது வருஷச் சண்டை. மண்ணுக்கோ மரத்துக்கோ வந்த சண்டை அல்ல, இரும்புக்கு வந்தது.

இஞ்சாத் மந்திகை இரும்பைத் தவிர வேறு எதையும் உலையில் வைக்க மாட்டார். மந்திகை ஆற்றுக் கல்லை முன்னோர்கள் உருக்கி எடுத்த இரும்பு அது. இப்போது யாரும் உருக்குவதில்லை. உடைந்த பழைய வாள்களை ஜனங்கள் கொண்டுவந்து தருவார்கள். அவற்றையே காய்ச்சி அடித்துப் புது வாள் ஆக்குவார். தெஹெனுக்கு அந்த வம்பெல்லாம் இல்லை. அவர் ஊரை ஒட்டி மரக்கம்பெனி ரோடு போகிறது. மரம் ஏற்றி ஏற்றி நொந்துபோன லாரிகள் வழியில் போட்டுவிட்டுப் போகிற பட்டைகளைப் பொறுக்கி வருவார். வண்டியின் அடியில் வில் மாதிரி அடுக்கடுக்காக இருக்குமே, அந்தப் பட்டை. அதில் வாரத்துக்கு ஒரு மண்டாவ் அடித்துத் தள்ளிவிடுவார்.

இப்படி எலியும் பூனையுமாக இருந்த வீடுகளில், இஞ்சாத்தின் மகள் லிலிஸும் தெஹெனின் மகன் யான்சனும் ஒருத்தருக்கு ஒருத்தரைப் பிடித்துப்போய் உட்கார்ந்தார்கள். அவள் ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர். அவன் பள்ளிக்கூடத்துக்கு அரிசியும் புத்தகமும் கொண்டுவருகிற மோட்டார் படகுக்காரன். மூன்று மாதம் அந்தப் படகு வாரத்துக்கு ஒரு தடவை வந்தது. அப்புறம் வாரத்துக்கு நாலு தடவை வந்தது. இஞ்சாத்துக்கு அப்போதே சந்தேகம். எந்தப் பள்ளிக்கூடம் வாரத்துக்கு நாலு மூட்டை அரிசி தின்னும்?

நிச்சயதார்த்தத்தன்று தெஹென் வந்தார். துவாக் கள் இரண்டு கோப்பை உள்ளே போகிற வரைக்கும் எல்லாம் மரியாதையாகத்தான் போனது. மூன்றாவது கோப்பையில் பேச்சு இரும்புக்கு வந்துவிட்டது.

"என்ன இருந்தாலும் சம்பந்தி, பட்டையில அடிச்சதுக்குப் பேரு மண்டாவா? உறையில இருந்து உருவினா ஹாரன் சத்தம் கேக்குது."

"கேக்கட்டுமே. நீங்க மந்திகை மந்திகைன்னு சொல்றீங்களே, அந்த இரும்பு கட்டியா இருந்ததைப் பாத்தவன் எவனாச்சும் உயிரோட இருக்கானா?"

"நான் இருக்கேன்யா!" இஞ்சாத் மார்பில் அடித்துக்கொண்டார். "எங்கப்பா எனக்குன்னு வெச்சுட்டுப் போன கட்டி பரண்ல இருக்கு. யாரும் தொடாத கட்டி. கல்யாணத்தன்னிக்கு வாசல் கட்டையை வெட்ட உன் கையில ஒரு மண்டாவ் குடுக்கணும்ல? அதுல அடிச்சுக் குடுக்கிறேன். கட்டையும் ஊலின் மரத்துல கட்டுறேன். வெட்டிப் பாரு. வாய் மழுங்கினாலோ, ஒரே ஒரு பல்லு விழுந்தாலோ நான் தோத்தேன்."

கூட்டம் ஓவென்று கத்தியது. வாசல் கட்டைக்கு யாரும் ஊலின் கட்டமாட்டார்கள். வருகிற விருந்தாளி வெட்டிக்கொண்டு உள்ளே வரட்டும் என்று ஏதாவது பஞ்சு மரத்தைக் குறுக்கே கட்டுவார்கள். ஊலினில் ஆணி அடித்தால் ஆணிதான் வளையும்.

"பல்லு விழாம வெட்டிட்டேன்னா?" என்றார் தெஹென்.

"மந்திகைதான் ஒசத்தின்னு நீ எல்லார் முன்னாடியும் சொல்லணும். தோத்தவன் ஜெயிச்சவன் பட்டறையில ஒரு கோடை முழுக்கத் துருத்தி அடிக்கணும்."

"சரி. ஆனா மந்திகையா இருக்கணும்."

"மந்திகை இல்லேன்னாலும் நான் தோத்ததாவே வெச்சுக்கோ!"

ஊர்ப் பெரியவர் லம்புங் இரண்டு பேர் கையையும் பிடித்துச் சேர்த்து வைத்து, சாட்சிக்குத் தானும் ஒரு கோப்பை குடித்தார். சாட்சி பலமாக இருக்க வேண்டும் என்று இன்னொரு கோப்பையும் குடித்தார்.

*

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது இஞ்சாத் பரணில் ஏறிக் கட்டியை இறக்கினார். மரப்பட்டையில் சுற்றி, டாமர் பிசின் பூசி, பிரம்பால் கட்டி, அவர் அப்பா கொடுத்தபடியே இருந்தது. முப்பது வருஷமாக அதை அவிழ்த்ததில்லை. உலகத்தில் எல்லாவற்றையும் அவிழ்த்துப் பார்த்த மனுஷன் இதை மட்டும் அவிழ்த்துப் பார்க்கவில்லை.

துருத்திக்கு அவர் மனைவி காண்டி வந்து நின்றாள். அவர்கள் பட்டறையில் துருத்தி என்றால் நெஞ்சுயரத்துக்கு நிற்கிற இரண்டு மரக்குழாய்கள். உள்ளே கோழி இறகு கட்டின தண்டுகள். நின்றபடி மாற்றி மாற்றி மேலே இழுத்துக் கீழே குத்த வேண்டும். காண்டி அதைப் பேசிக்கொண்டே செய்வாள். அவள் பேச்சு நின்றால்தான் காற்றும் நிற்கும்.

பிசின் எரிந்து, கட்டி சிவந்தது. இஞ்சாத் அதைக் குறட்டால் பிடித்துப் பட்டடை மேல் வைத்து, மனசுக்குள் அப்பாவை நினைத்துக்கொண்டு, சம்மட்டியால் ஒரு போடு போட்டார்.

கட்டி ரொட்டி மாதிரி மூன்றாக உடைந்தது.

காண்டி ஒரு துண்டைக் குச்சியால் புரட்டினாள். சூடு ஆறட்டும் என்று தண்ணீரை ஊற்றினாள். பிறகு துணியால் துடைத்தாள். துரு போன இடத்தில் கொடியும் பூவுமாக வேலைப்பாடு தெரிந்தது.

"இது தையல் மிஷினு" என்றாள்.

"என்னது?"

"தையல் மிஷினோட கால்மிதிங்க. எங்க சித்தி வீட்டுல இதே பூப்போட்டது ஒண்ணு இருந்துச்சு. இங்க பாருங்க, கால் வெக்கிற எடம்."

இஞ்சாத் பார்த்தார். கால் வைக்கிற இடம்தான். வெறும் வார்ப்பிரும்பு. அடித்தால் நொறுங்கும், நீளாது. பானை வார்க்கலாம், மிதி வார்க்கலாம், வாள் மட்டும் ஆகாது.

"எங்கப்பாவை எவனோ ஏமாத்திட்டான்" என்றார். "இல்லேன்னா எங்கப்பா என்னை ஏமாத்திட்டாரு."

"அவரு பாவம், உங்களை மாதிரி அவிழ்த்துப் பாக்காம வெச்சிருந்திருப்பாரு. விடுங்க. பழைய உடைஞ்ச வாள் எதாச்சும் இருக்கா?"

ஒன்றும் இல்லை. கடைசியாக வந்த உடைசலைப் போன மாதம்தான் அடித்துக் கொடுத்திருந்தார்.

"அப்போ சொல்லிடுங்க. மந்திகை இல்ல, தையல் மிஷினுன்னு. ரெண்டு நாள் சிரிப்பாங்க. அப்புறம் மறந்துடுவாங்க."

"மறப்பாங்களா? இந்த ஊர்ல எங்க மாமா படகுல இருந்து தவறி விழுந்ததை நாப்பது வருஷமா சொல்லிட்டிருக்கானுங்க. கோடை முழுக்க அவன் பட்டறையில நான் துருத்தி அடிக்கணும், ஆறு மேல வர்றவன் போறவன் எல்லாம் என்னைப் பாத்துக் கையை ஆட்டிட்டுப் போவான். முடியாது."

மறுநாள் காலையில் இஞ்சாத் மலையைத் தாண்டி மரக்கம்பெனி ரோட்டுக்குப் போனார். இருபது வருஷமாக அந்த ரோட்டுப் பக்கம் எச்சில் துப்பக்கூடப் போகாதவர். பள்ளத்தில் ஒரு செத்த லாரி கிடந்தது. நல்லதையெல்லாம் தெஹென் மாதிரி ஆட்கள் ஏற்கெனவே கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அடுக்கில் இருந்த குட்டிப் பட்டை ஒன்றுதான் மிச்சம். அதைக் காட்டு வாழை இலையில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். ஊர் எல்லையில் லம்புங் எதிரே வந்துவிட்டார்.

"என்ன இஞ்சாத், தோள்ல?"

"பன்னித் தொடை."

"இவ்வளவு மெலிசாவா?"

"வயசான பன்னி" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

பட்டை உலையில் சிவந்தது. வளைவை நிமிர்த்தினார், நீட்டினார், முனையை இழுத்தார். சம்மட்டிக்கு அது முரண்டு பிடித்தது, பிறகு பழகிக்கொண்டது. வாள் வடிவம் வந்துகொண்டிருந்தபோதுதான் அவர் கண்ணில் அது பட்டது. நட்டநடுவில், அதுவரை துருவும் மண்ணும் அடைத்துக் கிடந்த ஓட்டை. பட்டைகளை அடுக்கிப் பிடிக்கிற சென்டர் போல்ட்டு போகிற ஓட்டை. முனையில் இருந்தால் வெட்டிப் போடலாம், பிடிப் பக்கம் இருந்தால் மான்கொம்புப் பிடிக்குள் மறைக்கலாம். இதுவோ வாள் உடம்பின் நடுவில், எல்லாரும் பார்க்கிற இடத்தில் இருந்தது. அடித்து மூடப் பார்த்தார். மூடவில்லை, நீளவாக்கில் இழுபட்டு இன்னும் பெரிதானது.

"இதைக் காட்டினா போதும்" என்றார். "தெஹென் ஓட்டையைப் பாத்தே எந்த லாரின்னு சொல்லுவான். டிரைவர் பேரும் சொல்லுவான்."

காண்டி துருத்தித் தண்டைப் பிடித்தபடி தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"கண்ணு மாதிரி இருக்குல்ல?"

"எது?"

"அந்த ஓட்டை. பறவைக் கண்ணு மாதிரி."

இஞ்சாத் அவளைப் பார்த்தார். வாளைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார்.

மண்டாவின் முதுகை ஒட்டி வரிசையாகச் சின்னச் சின்னப் பித்தளைப் பொட்டு வைப்பது வழக்கம். துளை போட்டு, பித்தளையை அடித்து இறக்கி, தேய்த்துவிடுவார்கள். இஞ்சாத் முதுகு ஓரமாக ஏழு பொட்டு வைத்தார். நடு ஓட்டையில் பழைய படகு இன்ஜின் பித்தளையை அடித்து இறக்கினார். அதைச் சுற்றிக் கொண்டையும் வளைந்த அலகுமாக ஓர் இருவாச்சிப் பறவையைச் செதுக்கினார். இரண்டு நாள் ஆனது. ஓட்டை மறைந்தது. மஞ்சள் கண்ணோடு ஓர் இருவாச்சி வாளில் உட்கார்ந்திருந்தது. அந்த மாதிரி ஒன்றை அவர் அதற்குமுன் செய்ததும் இல்லை, பார்த்ததும் இல்லை.

தோய்ச்சல் போட்டார். வாய்ப் பக்கம் மட்டும் தண்ணீரில் இறங்கி, சீறி, வைக்கோல் நிறத்துக்கு வந்தது. ஓர் ஆணியைக் கட்டை மேல் வைத்து வெட்டிப் பார்த்தார். ஆணி இரண்டானது. வாயில் ஒரு கீறல் இல்லை.

"நல்லா வந்திருக்கு" என்றார். யாரையோ திட்டுகிற மாதிரி சொன்னார்.

*

கல்யாணத்தன்று காலை பத்து மணிக்கெல்லாம் ஆற்றில் கொங்கு என்கிற வெண்கலத் தட்டை அடிக்கிற சத்தம் கேட்டது. நாலு மோட்டார் படகு. முன் படகில் யான்சன், தலையில் இறகு வைத்துக்கொண்டு, முகமெல்லாம் வியர்வையாக நின்றான். பக்கத்தில் தெஹென்.

வாசலில் முழங்கை பருமனுக்கு ஊலின் கட்டை குறுக்கே கட்டியிருந்தது. தென்னங்குருத்தும் மஞ்சள் துணியும் தொங்கின. சடங்கு முடித்துக் கட்டின கட்டை அது. அதைத் தாண்டக் கூடாது, குனிந்து நுழையக் கூடாது, அவிழ்க்கக் கூடாது. விருந்தாளிதான் வெட்ட வேண்டும். வீட்டுக்காரன் கொடுக்கிற வாளால்தான் வெட்ட வேண்டும்.

லம்புங் கட்டைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டார். "யாருப்பா நீங்க? வழி தப்பி வந்தீங்களா?"

"வழி தப்பல பெரியவரே" என்றார் தெஹென். "உங்க ஊரு டீச்சரம்மாதான் எங்க பையனுக்கு வழி சொல்லிக் குடுத்தாங்க."

கூட்டம் சிரித்தது. லிலிஸ் உள்ளே இருந்தபடியே, "நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல, அவராதான் படிச்சுக்கிட்டாரு!" என்று கத்தினாள்.

"பையனுக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாது. அதனாலதான் படகு ஓட்டுறான்."

"சோறு எவ்வளவு தின்பான்?"

"நீங்க வெக்கிறதைப் பொறுத்து."

இன்னும் நாலு கேள்வி, நாலு பதில், ஆளுக்கொரு கோப்பை. பிறகு இஞ்சாத் வாளைப் பிரம்பு உறையில் இருந்து உருவிக் கட்டைக்கு மேலே நீட்டினார். இருபது வருஷமாகப் பட்டையையே தடவிப் பழகின கை வாங்குகிறது. அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

தெஹென் வாளை வாங்கினார். வெட்டவில்லை. முதலில் பித்தளைக் கண்ணைக் கட்டைவிரலால் தடவினார். மெதுவாக, சுற்றிச் சுற்றித் தடவினார். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். நகத்தால் சுண்டிக் காதில் வைத்துக் கேட்டார். அப்புறம் தலையைத் தூக்கி இஞ்சாத்தைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தார்.

போச்சு, என்று நினைத்தார் இஞ்சாத்.

தெஹென் வெட்டத் தொடங்கினார். முதல் வெட்டில் ஊலின் மணி மாதிரி சத்தம் போட்டது. மூன்றாவதில் சில்லு பறந்தது. கொங்கு அடிக்கிறவர்கள் வெட்டுக்குத் தாளம் சேர்த்துக்கொண்டார்கள். பதினோராவது வெட்டில் கட்டை இரண்டாகி இரண்டு பக்கமும் தொங்கியது. லம்புங் வாளை வாங்கி வாய் நெடுக விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தார்.

"ஒரு பல்லும் இல்ல!" என்று கத்தினார்.

தெஹென் இரண்டு கையையும் தூக்கினார். "தோத்துட்டேன்யா! எல்லாரும் கேட்டுக்குங்க. மந்திகை மந்திகைதான். இருபது வருஷமா வீம்பு பேசினேன். சம்பந்தி ஜெயிச்சுட்டாரு!"

ஊரே ஆர்ப்பரித்தது. இஞ்சாத்தைத் தோளில் தட்டாத ஆள் இல்லை. அவருக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தெஹென் இவ்வளவு சுலபமாகத் தோற்கிற ஆளா? இவன் எதையோ மனசில் வைத்துக்கொண்டு சிரிக்கிறான்.

*

சாப்பாடு நீளமான கூடத்தில். பன்றி வறுவல், பிரம்புக் குருத்துக் குழம்பு, ஊற வைத்த மீன், மூங்கிலில் வெந்த சோறு. சம்பந்திகள் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். தெஹென் மடியில் அந்த வாள். கீழே வைக்கவே மாட்டேன் என்கிறார்.

"என்னமோ தெரியல சம்பந்தி" என்றார் வாய் நிறையச் சோற்றோடு. "புது வாள் மாதிரியே இல்ல. கைக்கு ரொம்பப் பழக்கமான இரும்பு மாதிரி இருக்கு."

இஞ்சாத்துக்குப் பன்றி வறுவல் தொண்டையில் நின்றுகொண்டது.

"தண்ணி குடிங்க, தண்ணி குடிங்க" என்று தெஹென் முதுகைத் தட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, "இந்தக் கண்ணு வெச்சீங்களே, எப்பிடிங்க தோணுச்சு? இவ்வளவு பெருசா, சரியா நட்டநடுவுல?"

"சும்மா தோணுச்சு."

"சும்மா தோணாது. இதுக்குப் பின்னாடி என்னமோ இருக்கு" என்று கண்ணைச் சிமிட்டினார் தெஹென். அப்புறம் ஒரு ஈர்க்குச்சியை ஒடித்துக் கண்ணின் குறுக்கே வைத்து, நகத்தால் அளவு குறித்து, காதில் செருகிக்கொண்டார். "அளவு இருக்கட்டும். ஊர்ல போய் ஒத்துப் பாக்கணும்."

ஒத்துப் பார்க்கிறதாம்! போல்ட்டோடு ஒத்துப் பார்க்கப் போகிறான்!

காண்டி குழம்பு ஊற்ற வந்தாள். இஞ்சாத் அவள் காதில், "அவனுக்குத் தெரிஞ்சு போச்சு" என்றார்.

"ஒண்ணும் தெரியல. சாப்பிடுங்க."

"உனக்கு மனுஷங்களைத் தெரியாது. பூனை எலியை வெச்சு விளையாடுற மாதிரி விளையாடுறான். ஏன் வாசல்லயே சொல்லல? பெரிய கூட்டமா சேரட்டும்னு காத்திருக்கான்."

"உங்களைக் கட்டிக்கிட்டு முப்பது வருஷம் ஆச்சு. எனக்கு மனுஷங்களைத் தெரியாதுங்கிறது சரிதான்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

அந்த நேரம் பார்த்துத் தெஹென் எழுந்தார். கோப்பையைத் தூக்கினார். "எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்கப்பா. இந்த வாளைப் பத்தி நான் ஒரு வார்த்தை சொல்லணும்."

அவ்வளவுதான். இஞ்சாத் துள்ளி எழுந்தார். மடியில் இருந்த சோறு சிதறியது.

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்யா! நானே சொல்லிக்கிறேன்! ஆமா, லாரிப் பட்டைதான்! உன் ரோட்டுப் பட்டையேதான்! கண்ணுமில்ல, மூக்குமில்ல, அது சென்டர் போல்ட்டு ஓட்டை! எங்கப்பா குடுத்த கட்டி தையல் மிஷின் மிதி! போதுமா? இப்போ சிரி! நல்லாச் சிரி!"

யாரும் சிரிக்கவில்லை. கொங்கு அடிக்கிறவன் கையில் கோலைத் தூக்கினது தூக்கினபடி நின்றான். தெஹென் வாளைப் பார்த்தார், இஞ்சாத்தைப் பார்த்தார், கண்ணைக் கொட்டிக் கொட்டிப் பார்த்தார்.

"லாரிப் பட்டையா?" என்றார் மெல்ல.

"நடிக்காதய்யா!"

"சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. எனக்குப் பக்கத்துல இருக்கிறது எதுவுமே கண்ணுக்குத் தெரியாது. இது இருவாச்சியா கோழியான்னு தெரியாமதான் விரலால தடவிப் பாத்தேன். அளவு எடுத்தது எதுக்குன்னா, அடுத்து அடிக்கிற வாள்ல நானும் இது மாதிரி ஒரு கண்ணு வெக்கலாம்னு."

"அப்போ... சொல்ல எழுந்திருச்சியே, என்ன அது?"

"நான் தோத்தவன்ல? அடுத்த வாரமே துருத்தி அடிக்க வந்துடுறேன், ஆனா முதுகு வலிக்கும், நடுநடுவுல உக்கார ஒரு முக்காலி போடுவீங்களான்னு கேக்கலாம்னு எழுந்தேன்."

இஞ்சாத் அப்படியே உட்கார்ந்தார். அப்போது கூடத்தின் மறுகோடியில் இருந்து லம்புங்கின் குரல் கேட்டது.

"அப்போ அந்த வயசான பன்னித் தொடை?"

அதற்குப் பிறகு சிரிப்பை யாராலும் நிறுத்த முடியவில்லை. காண்டி உள்ளே போய்த் தையல் மிஷின் மிதியின் மூன்று துண்டையும் தட்டில் வைத்துக் கொண்டுவந்து காட்டினாள். ஆளாளுக்கு வாங்கிச் சேர்த்து வைத்துக் காலை வைத்து மிதித்துப் பார்த்தார்கள். லிலிஸ் கல்யாண மணிமாலை குலுங்கக் குலுங்க அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"உங்களை யாருமே பிடிக்கலப்பா. நீங்களாப் போய் வலையில உக்காந்துகிட்டீங்க."

லம்புங் கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். வாள் நல்ல வாள்தான். ஆனால் மந்திகை இல்லை. மந்திகை இல்லாவிட்டால் தோற்றதாக வைத்துக்கொள் என்று சொன்னது இஞ்சாத்தின் வாய்தான். தான் சாட்சி. இரண்டு கோப்பை சாட்சி.

தெஹென் குறுக்கிட்டார். "அட விடுங்க பெரியவரே. கல்யாண வீட்டுல என்ன தோக்குறது, என்ன ஜெயிக்கிறது. சம்பந்தி துருத்தியெல்லாம் அடிக்க வேண்டாம்."

இஞ்சாத் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏன் வேண்டாங்கிற?"

"சும்மாதான். மனசு கேக்கல."

"சும்மா எவனும் விட்டுக் குடுக்க மாட்டான். இதை வெச்சுப் பின்னாடி எதையோ கேக்கப் போற. அந்த வேலையே வேண்டாம். நான் வந்து அடிக்கிறேன்."

*

சொன்ன மாதிரியே அந்தக் கோடை முழுக்கத் தும்பாங் லேகோவில் துருத்தி அடித்தார் இஞ்சாத். லிலிஸும் யான்சனும் தும்பாங் சாரோ வீட்டில் குடியிருந்தார்கள்; யான்சன்தான் மாமனாரைத் திங்கள்கிழமை கொண்டுவந்து விட்டு, சனிக்கிழமை கூட்டிப்போவான். ஆற்றில் போகிறவர்கள் படகை மெதுவாக விட்டுக் கையை ஆட்டினார்கள். முதல் வாரம் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டாவது வாரம் திருப்பித் திட்டினார். மூன்றாவது வாரம், "வெறுங்கையை ஆட்டாதீங்கடா, புகையிலை இருந்தா போட்டுட்டுப் போங்க" என்றார். போட்டார்கள்.

ஒவ்வொரு பட்டையும் உலைக்குள் போவதற்கு முன்னால் அவர் நகத்தால் சுண்டிப் பார்த்தார். "எந்த லாரி? முன் சக்கரமா, பின் சக்கரமா? யாரு கழட்டினது?" என்று கேட்டார். தெஹென் முதலில் பல்லைக் கடித்தார். இஞ்சாத் ஆகாது என்று தள்ளிவைத்த பட்டைகளில் இரண்டைத் தெஹென் பிடிவாதமாக உலையில் வைத்தபோது இரண்டும் வெடித்துப் போயின. அதற்கப்புறம் கேட்காமல் ஒன்றையும் உலையில் வைக்கவில்லை.

அதற்குள் கல்யாண வாளின் பேச்சு ஆறு முழுக்கப் பரவிவிட்டது. ஊலினை வெட்டின வாள், இருவாச்சிக் கண் வைத்த வாள். வந்தவர்கள் எல்லாரும் அதே மாதிரி வேண்டும் என்றார்கள். பட்டையின் முனைத்துண்டு யாருக்கும் வேண்டாம். ஓட்டை இருக்கிற நடுத்துண்டுதான் வேண்டும். தெஹென் அடித்தார், இஞ்சாத் இருவாச்சி செதுக்கினார். துருத்திக்கு ஆள் இல்லாமல் காண்டியைக் கூப்பிட்டனுப்பினார்கள். அவள் பேசிக்கொண்டே வந்து சேர்ந்தாள்.

கோடை முடிகிற சமயத்தில், கீழ் ஆற்றுச் சந்தையில் இருந்து ஒருத்தன் இடுப்பில் புது மண்டாவோடு வந்தான். அதிலும் இருவாச்சி, அதிலும் மஞ்சள் கண். "இது அங்க வாங்கினது. உங்களுதைவிடப் பளபளன்னு இருக்கு பாருங்க" என்று பெருமையாக நீட்டினான்.

இஞ்சாத் செதுக்கிக்கொண்டிருந்த வாளைக் கீழே வைத்துவிட்டு வந்து வாங்கினார். வெளிச்சத்தில் திருப்பினார். கட்டைவிரலால் கண்ணைச் சுற்றித் தடவினார். உதட்டைப் பிதுக்கினார்.

"சம்பந்தி, இங்க வாங்க. தொட்டுப் பாருங்க. நல்லா உருண்டையா இருக்குல்ல?"

தெஹென் தடவிப் பார்த்தார். "உருண்டைதான்."

"போல்ட்டு ஓட்டையோட அடிச்சா நீளுமே, உருண்டையா எப்பிடி நிக்கும்? வாளை அடிச்சு முடிச்சப்புறம் டிரில் மிஷின்ல போட்ட ஓட்டை இது." வாளை அவன் கையில் திருப்பி வைத்தார் இஞ்சாத். "அசல் லாரி ஓட்டை கிடையாதுப்பா. எவனோ உன்னை நல்லா ஏமாத்திட்டான். வாங்கும்போது தடவிப் பாக்க மாட்டியா?"